பரணில் வைத்த கால்தாங்கி

கலையரசி ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் நடையைக் கேட்டுவிடுவாள். பத்தொன்பது வருஷப் பழக்கம். கள்ளக்குறிச்சியில் பழைய நெல் மண்டி ஒன்றின் பின்கட்டில் இருக்கிறது அந்த அறக்கட்டளைப் பட்டறை. வாசலிலிருந்து உள்ளே வர சிமெண்டு போட்ட நீளமான நடை. கால் சரியில்லாதவர்கள்தான் அதில் வருவார்கள். இழுத்து வருகிற கால் ஒரு மாதிரி கேட்கும், கட்டை ஊன்றி வருகிற கால் ஒரு மாதிரி. பாதம் தொங்கிப்போன கால் 'தப்' என்று அறையும். குதிகால் முதலில் படாமல் பாதம் மொத்தமாகத் தரையில் விழுகிற சத்தம் அது.

மே மாதக் கடைசி வாரத்தில் ஒரு காலை, மாவுக்கட்டுப் பொடியைக் குழைத்துக்கொண்டிருந்தவள் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. அவள் நிமிரவில்லை. வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து வருகிற சின்னப்பொண்ணு என்று தெரிந்துவிட்டது. அவளுக்குச் செய்து கொடுத்த இரண்டாவது கால்தாங்கியும் வீணாகிவிட்டது என்பதும் சேர்ந்தே தெரிந்தது.

கலையரசிக்கு ஊர் திருநாவலூர். அப்பா சுப்புராயன் கூலிக்காரர். கை அகல நிலம் கிடையாது. பத்தாவது முடித்த கையோடு புதுச்சேரிப் பக்கம் பக்கெட், ஸ்டூல் வார்க்கிற கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். ஆறு வருஷம் அச்சு எந்திரத்தின் முன்னால் நின்றாள். இடது மணிக்கட்டில் இருக்கும் வழுவழுப்பான தழும்பு அங்கே வாங்கியது. அந்தக் கம்பெனிக்குச் சரக்கு இரண்டு விதமாக வரும். பார்க்க இரண்டும் ஒன்றுதான், குருணை மாதிரி வெள்ளை மணி. ஒன்று ஒரே சரக்கு. அதில் வார்த்தது விறைப்பாக, பளபளவென்று இருக்கும். மார்கழிக் காலையில் கைதவறிப் போட்டால் விரிசல் விட்டுவிடும். மற்றது கோபாலிமர். புரோப்பிலீன் சங்கிலியில் நடுநடுவே கொஞ்சம் எத்திலீனைக் கோத்தது. விறைப்பு கம்மி. ஆனால் மடக்கினால் மடங்கும், மடங்கிய இடம் வெளுக்குமே தவிர இரண்டாகப் போகாது. கம்பெனிப் பெண்கள் அதற்குக் கோபாலு என்றும், ஒரே சரக்குக்கு ஒண்டிக்கட்டை என்றும் பேர் வைத்திருந்தார்கள். "இன்னிக்கு ஒண்டிக்கட்டையா, கோபாலா?" என்று கேட்டுக்கொண்டே ஷிப்டுக்குள் நுழைவார்கள்.

லோடு ஆட்டோ ஓட்டுகிற ராமசாமியைக் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்து, மகள் சுபஸ்ரீ பிறந்து, கையில் வேலை இல்லாமல் இருந்த நாளில்தான் பட்டறையில் ஆள் கேட்டார்கள். மேலாளர் அய்யப்பன் மேசைமேல் இருந்த வெள்ளைத் தகட்டைக் காட்டி, இது என்ன தெரியுமா என்று கேட்டார். அவள் ஒரு ஓரத்தை மடக்கினாள், வெளுத்தது. விட்டாள். "கோபாலிமர் சார்" என்றாள். அன்றைக்கே சேர்த்துக்கொண்டு, ஆறு மாசம் வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

வேலையைச் சொல்வது சுலபம். காலுக்கு மாவுக்கட்டு போட்டு எடுத்து, அதற்குள் மாவை ஊற்றி மாவுக்கால் ஒன்று வார்க்க வேண்டும். அதை அரத்தால் ராவித் திருத்தி, மெல்லிய துணியுறை மாட்டி நிறுத்த வேண்டும். தகட்டைச் சூளைப் பெட்டிக்குள் வைத்தால் நூற்றெண்பது, நூற்றுத் தொண்ணூறு டிகிரியில் அந்தப் பால் வெள்ளை மெல்ல மெல்லக் கலைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அடியில் வைத்த துணியின் இழை தெரிய வேண்டும். தெரிந்த உடனே இரண்டு கையாலும் எடுத்து மாவுக்கால் மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி ஒட்ட வைக்க வேண்டும். ஒரு நிமிஷம் முந்தினால் மடிப்பு விழும், பிந்தினால் தொய்ந்து மெலிந்துபோகும். அப்புறம் மறுநாள் வரை தொடக் கூடாது. சூடு இருக்கும்போதே கழற்றினால் அது தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும். ஆறட்டும் என்று விட்டுவிடுவதுதான் இந்தத் தொழிலில் பாதி. கலையரசிக்கு அந்தப் பாதி நன்றாக வரும்.

சின்னப்பொண்ணுக்கு முப்பத்து மூன்று வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடுக்காய் பறிக்க மரம் ஏறியவள், கிளை முறிந்து பாறைமேல் விழுந்தாள். எலும்பு கூடிவிட்டது, முட்டிக்குப் பக்கத்தில் நசுங்கிய நரம்பு கூடவில்லை. வலது பாதத்தைத் தூக்க வராது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற இடத்தில் அவள் உதவியாள். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இறக்கம், நடுவில் ஓடை, வழியெல்லாம் கல். தொங்கிய பாதம் கல்லில் மாட்டி இரண்டு முறை விழுந்தாள். ஒரு முறை பருப்புக் குண்டானோடு. தலைமையாசிரியை ஒரு வருஷம் பொறுத்தார். ஜூனில் பள்ளி திறக்கும்போது நடமாட முடியாவிட்டால் வேறு ஆளைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லியனுப்பிவிட்டார். அந்த வீட்டில் மாசாமாசம் தவறாமல் வருகிற சம்பளம் அது ஒன்றுதான்.

கால்தாங்கி என்பது முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக இறங்கி, குதிகாலைச் சுற்றி, உள்ளங்காலின் அடி வரை வருகிற ஒரே துண்டுப் பிளாஸ்டிக். பாதத்தைத் தொங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். நவம்பரில் கொடுத்தது பிப்ரவரியில் திரும்பி வந்தது. கெண்டைக்கால் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு, குதிகால் ஒருக்களித்துப் போயிருந்தது. சரி, ஏதோ ஆகிவிட்டது என்று இன்னொன்று செய்து கொடுத்தாள். இப்போது அதுவும் அதே கோலத்தில் மேசைமேல் கிடந்தது.

கலையரசிக்கு முதலில் சந்தேகம் தகட்டின் மேல்தான். கோபாலிமர் என்று ஒட்டி ஒண்டிக்கட்டையை அனுப்பிவிட்டார்களோ? அதே தகட்டிலிருந்து ஒரு கீற்று அறுத்து இருபது முறை முன்னும் பின்னும் மடக்கினாள். வெளுத்தது, உடையவில்லை. சரக்கு சரியானதுதான். அப்படியானால் ஆள்தான் என்று முடிவு செய்தாள்.

"இத நீ போடுறியா, இல்ல ஆணில மாட்டி வெச்சிருக்கியா?"

"போடுறேன்."

"வெயில்ல வெச்சியா? அடுப்பாண்ட வெச்சியா?"

"வெக்கல. நீ சொன்ன மாதிரி பத்திரமாத்தான் வெச்சேன்." மலைக்காரர்கள் யாரையும் நீ என்றுதான் சொல்வார்கள், கலையரசிக்கு அது பழகிவிட்டது.

"பத்திரமா வெச்சது இப்படி ஆவுமா?"

கலையரசி பதிவேட்டை எடுத்துப் பழுதின் காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்: அணிபவரின் கவனக்குறைவு. ஒருவருக்கு இரண்டு வருஷத்தில் ஒன்று, பழுதானால் மாற்றாக இன்னொன்று. மூன்றாவது வேண்டுமென்றால் பழுது அணிபவரால் வந்ததாக இருக்கக் கூடாது. அறக்கட்டளையின் விதி அது. அய்யப்பன் எட்டிப் பார்த்தார். "எழுதிட்டீங்களா? அப்ப இனிமே அடுத்த வருஷம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்னப்பொண்ணு எட்டாவது வரை படித்தவள். தலைகீழாக இருந்த எழுத்தை நிதானமாகக் கூட்டிப் படித்து முடித்தாள்.

"என் கவனம் ஒண்ணும் கொறஞ்சி போவல" என்றாள்.

கால்தாங்கியை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். தப், தப் என்று அந்த நீளமான நடை முழுவதும் கேட்டது.

பழுதான கால்தாங்கியில் பட்டி மட்டும் தேறும். சாயங்காலம் அதைப் பிரித்து எடுக்க உட்கார்ந்தபோது, வெல்குரோ ஒட்டுப் பட்டியின் கொக்கிகளுக்குள் ஏதோ பொடிசாக மாட்டியிருந்தது. ஊசியால் நெண்டி எடுத்தாள். சாமை. ஒன்றல்ல, ஏழெட்டு. உமி நீக்காத விதைச் சாமை. காலில் மாட்டுகிற பட்டிக்குள் விதை எதற்கு வருகிறது?

கால்தாங்கியை வெளிச்சத்தில் திருப்பினாள். நடந்து நடந்து கெட்டிருந்தால் கணுக்கால் வளைவில் வெளுத்திருக்க வேண்டும். மிதித்து நசுக்கியிருந்தாலும் அப்படியே. எங்கேயும் வெளுப்பு இல்லை. அவசரமே இல்லாமல், தினம் ஒரு நூல் ஒரு நூலாக வளைந்திருந்தது. சூட்டுக் காற்றுத் துப்பாக்கியை எடுத்து லேசாகக் காட்டினாள். பிளந்திருந்த வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடத் தொடங்கியது. உருகாமல் வளைந்த கோபாலிமர் முதல் வார்ப்பை மறப்பதில்லை, சூடு கண்டால் முடிந்தவரை அந்த வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். கம்பெனியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பாதிதான் திரும்பியது. ஆனால் கூடவே ஒரு வாசனை எழுந்தது. விறகுப் புகை. நாள்பட்ட புகை.

சனிக்கிழமை மலைக்குப் போய்வருகிறேன் என்று மட்டும் அன்றைக்கு வீட்டில் சொன்னாள் கலையரசி. "சீசன்கூட இல்லியே, அருவில தண்ணி கம்மியாச்சே" என்றான் ராமசாமி. அவள் சிரிக்கவில்லை என்றதும், பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டான்.

கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, கரியாலூரில் பாதிப் பேர் இறங்கி, வெள்ளிமலையில் பஸ் நின்றது. அங்கிருந்து ஜீப்பில் கொஞ்சம், நடை கொஞ்சம். சின்னப்பொண்ணு அன்றாடம் நடக்கிற பாதை அது. செருப்புக்குள் கல் புகுந்து கலையரசி மூன்று முறை நின்றாள். நல்ல கால் இரண்டு இருந்தும் அப்படி.

வாசலில் சின்னப்பொண்ணின் புருஷன் பச்சமுத்து மரவள்ளிக் குச்சி நறுக்கிக்கொண்டிருந்தான். பட்டறை அம்மா என்று தெரிந்ததும் எழுந்து தண்ணீர் கொடுத்தான். சின்னப்பொண்ணு உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். வா என்றாள், அவ்வளவுதான். கலையரசி சுற்றி வளைக்கவில்லை. கழற்றினால் அதை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள்.

பச்சமுத்து தலையைத் தூக்கி மேலே காட்டினான்.

அடுப்புக்கு நேர் மேலே, ஆள் கை எட்டுகிற உயரத்தில் மூங்கில் பரண். புகையேறிக் கறுத்துப் பளபளத்தது. அதில் விதைச் சாமை மூட்டை, கேழ்வரகுக் கதிர், பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் பட்டாவும் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழும். அந்தச் சான்றிதழுக்கு மூன்று வருஷம் அலைந்ததாகச் சொன்னான். பெட்டிக்கும் மூட்டைக்கும் நடுவில் ஒரு முழம் இடம் காலியாக இருந்தது.

"எலி ஏறாது, ஈரம் ஏறாது. வெத வெக்கிற எடம். இந்த வூட்டுல இதுக்கு மேல பத்திரமான எடம் இல்ல" என்றான் பச்சமுத்து. இடம் போதாததால் மூட்டையைச் சற்று அதன்மேல் சாய்த்து வைப்பானாம். விழாமல் இருக்கும் என்று.

"அடுப்பாண்ட வெக்காதீங்கன்னு சொன்னனே" என்றாள் கலையரசி. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

சின்னப்பொண்ணு ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "அடுப்பாண்ட வெச்சா புள்ளைங்க மிதிச்சிடும்னு நீ சொல்றேன்னு நெனச்சோம். அதான் மேல வெச்சோம். தெனம் அவருதான் வெப்பாரு. என்னக்கூட தொட வுட மாட்டாரு."

கலையரசி கையைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். இப்போதுதான் மடித்துவைத்த இஸ்திரித் துணி மாதிரி சூடு. பையில் கொண்டு வந்திருந்த சூளைப் பெட்டியின் ஊசி வெப்பமானியை மூங்கில் இடுக்கில் செருகினாள். எழுபத்தெட்டு காட்டியது. கோபாலிமர் உருக நூற்றைம்பது டிகிரியாவது வேண்டும். எழுபத்தெட்டு எம்மாத்திரம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். கொதிக்கிற தண்ணீரில் கழுவினால்கூட ஒன்றும் ஆகாது என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். அந்தச் சூட்டில் தினம் இரண்டு வேளை, தலைமேல் ஒரு மூட்டையோடு கிடந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்ததே இல்லை. அவள் வீட்டில் முக்கியமான காகிதமெல்லாம் அரிசி டிரம்முக்குள் இருக்கும். யாராவது இதைப் பத்திரமாக வை என்றால் அவள் கை டிரம் மூடியைத்தான் திறக்கும்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். சாப்பிட்டாள். கை கழுவும்போது சின்னப்பொண்ணு மட்டும் பக்கத்தில் இருந்தாள்.

"நான் தப்பா எழுதிட்டேன்" என்றாள் கலையரசி.

"அப்ப அடிச்சிட்டு எழுது. எழுதனது நீதான?"

திங்கட்கிழமை கலையரசி ஒரே தகட்டிலிருந்து இரண்டு கீற்று அறுத்தாள். சூளைப் பெட்டியை எண்பதில் நிறுத்தினாள். ஒன்றை இரண்டு செங்கல்லுக்குக் குறுக்கே வைத்து நடுவில் இரும்புக் குண்டு ஒன்றை ஏற்றினாள். மற்றதைச் சும்மா வைத்தாள். சாயங்காலம் திறந்தபோது சும்மா வைத்தது நேராக இருந்தது. பாரம் ஏற்றியது தொட்டில் மாதிரி தொங்கியிருந்தது. ஆறவிட்டு எடுத்தாள். தொங்கல் அப்படியே நின்றது, ஒரு வெளுப்பும் இல்லாமல்.

அதோடு விட்டிருக்கலாம். பழைய பதிவேடுகளையும் புரட்டினாள். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் மலையிலிருந்து கால்தாங்கி வாங்கிப் போனவர்கள் பதினொரு பேர். அதில் நாலு பேர் இரண்டாம் முறை வரவே இல்லை. கால் தேறியிருக்கும் என்று நினைத்திருந்தாள். இரண்டு பேருக்கு அவள் கையெழுத்திலேயே கவனக்குறைவு என்று இருந்தது. ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் 'மீண்டும் கேட்டார், விதிப்படி மறுக்கப்பட்டது'. அந்த ஆளின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. அவர் நடையின் சத்தம் மட்டும் வந்தது.

செவ்வாய்க்கிழமை சின்னப்பொண்ணின் கட்டத்தில் எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தாள். அடித்தது தெரிய வேண்டும் என்பதால் வெள்ளை பூசவில்லை. கீழே எழுதினாள்: மிதமான சூட்டில் பாரத்தோடு நாள்பட வைத்தால் வளையும் என்பதை அணிபவருக்குச் சொல்லவில்லை. பிழை செய்து கொடுத்தவருடையது. கையெழுத்துப் போட்டு, இரண்டு கீற்றுகளையும் அய்யப்பன் மேசையில் வைத்தாள்.

அய்யப்பன் கெட்டவர் இல்லை. ரொம்ப நேரம் படித்தார். "கலையரசி, இது உங்க தலையில வந்து நிக்கும். மார்ச்சுல கான்ட்ராக்ட் புதுப்பிக்கிறப்போ இதத்தான் மொதல்ல எடுப்பாங்க. யாருடைய தப்பும் இல்லன்னு எழுதலாமே?"

"அப்படி எழுதுனா அதுக்குக் கட்டம் இல்ல சார். ஆளோட தப்பு, செஞ்சவங்க தப்பு, ரெண்டுதான் இருக்குது."

"தகடும் ஒண்ணுதான் பாக்கி."

"ஒண்ணு போதும் சார்."

அவர் பேனாவைத் திறந்தார். மூடினார். அப்புறம் திறந்து கையெழுத்துப் போட்டார்.

சொல்லியனுப்பியதில் வியாழக்கிழமை சின்னப்பொண்ணு வந்தாள். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. பழைய மாவுக்காலை உடைக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. கலையரசி அவளைச் சூளைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்தாள். வழக்கமாக நோயாளிகளை அங்கே விடுவதில்லை. கண்ணாடிச் சாளரத்தின் வழியே தகடு வெளுப்பு மாறிக் கலைவதைச் சின்னப்பொண்ணு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணியாட்டம் ஆயிடிச்சே" என்றாள்.

"இவ்ளோ சூட்டுலதான் இது தண்ணி. உங்க பரண் சூட்டுல தண்ணி ஆவாது. ஆனா களைச்சிப்போவும். அப்ப மேல பாரம் வெச்சா அப்படியே குந்திடும்."

கலையரசி தகட்டை எடுத்துப் போர்த்தியபோது சின்னப்பொண்ணு ஒரு அடி பின்னால் நகர்ந்து இடம் விட்டாள்.

மத்தியான பஸ்ஸுக்கே கழற்றிக் கொடுத்துவிட முடியாதா என்று கேட்டாள். முடியாது என்றாள் கலையரசி. கேட்டவளுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, செய்பவளுக்கும் கை பரபரத்தது. ஆனாலும் மேலே ஆறினது உள்ளே ஆறியிருக்காது. சின்னப்பொண்ணு அன்றைக்குக் கலையரசி வீட்டில் தங்கினாள். சுபஸ்ரீ பாய் விரித்துக் கொடுத்தாள். காலையில் அரிசி அளக்க டிரம்மைத் திறந்த கலையரசி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய வீட்டுப் பத்திரத்தை எடுத்து ஓரமாக வைத்ததைச் சின்னப்பொண்ணு பார்த்தாள். பார்த்தது கலையரசிக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஓரமெல்லாம் ராவி, பட்டி தைத்து, மாட்டிப் பார்த்தார்கள். குதிகால் சரியாக உட்கார்ந்தது. பத்திரமாக வை என்ற வார்த்தை கலையரசியின் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"கழட்டுனா எங்க வெப்ப? நீ சொல்லு."

சின்னப்பொண்ணு யோசித்தாள். "அவரு கூரக் கம்புல இருந்து கம்பி தொங்க வுட்டிருக்கிறாரு. வெளி அறையில. நடுவுல ஒரு பழைய தட்டு கோத்திருக்குது, எலி எறங்காம. அதுல மாட்டுவோம்."

"அடுப்பு?"

"அது அடுத்த அறையில. நடுவுல செவுரு."

கலையரசி தலையசைத்தாள். சின்னப்பொண்ணு கிளம்பப் போனவள் திரும்பி, மேசைமேல் கிடந்த வளைந்த கீற்றைக் காட்டினாள்.

"இத எனக்குக் குடு. நான் சொன்னா அவரு தலையாட்டுவாரு. ஆனா மழ புடிச்சா எடுத்துப் பரண்ல வெச்சிடுவாரு. இதப் பாத்தா வெக்க மாட்டாரு. ஊர்ல இன்னும் ரெண்டு வூட்டுக்கும் காட்டணும்."

"எந்த ரெண்டு வூடு?" என்று கேட்டாள் கலையரசி.

சின்னப்பொண்ணு பெயர்களைச் சொன்னாள். இரண்டும் பழைய பதிவேட்டில் இருந்த பெயர்கள். ஒன்று, முகம் நினைவுக்கு வராத அந்த ஆள். இப்போது வெளியே வருவதில்லை, குந்திய இடத்திலேயே கூடை பின்னுகிறார் என்றாள். கலையரசி நேராக இருந்த கீற்றையும் எடுத்து அவளிடம் கொடுத்தாள். இரண்டையும் சேர்த்துக் காட்டினால்தான் விளங்கும். அந்த இரண்டு பேரையும் அடுத்த மாசம் எப்படியாவது இறக்கிக் கூட்டி வரச் சொன்னாள். தகடு வாங்குவது தன் பாடு.

சின்னப்பொண்ணு நீளமான நடையில் இறங்கி நடந்தாள். கலையரசி அடுத்த ஆளுக்கு மாவு குழைக்க உட்கார்ந்துவிட்டாள். வாசல்பக்கம் திரும்பவில்லை. குதிகால் முதலில் பட்டது, அப்புறம் பாதம். மறுபடி குதிகால், பாதம். அந்தச் சத்தம் தெருவில் கலக்கும் வரை கையை மாவுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் மாவு இறுகிவிட்டது. கொட்டிவிட்டு, புதிதாகக் குழைத்தாள்.